ஒரு கோட்டுக்கு எத்தனை பேர்?

சின்னவளுக்கு ஆறு வயது. இங்கே இங்கிலாந்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். போன கிழமை பள்ளிக்கூடத்தில் ஆருக்கு என்ன பழம் விருப்பம் என்று பிள்ளைகளிடம் கேட்டு, அதைப் படமாகக் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பாடப் புத்தகத்தில் பட வரைபு என்று படித்தோமே, அதுதான். வாழைப்பழம் எட்டுப் பேர், அப்பிள் ஐந்து பேர், மாம்பழம் மூன்று பேர். இவளோ மூன்று மாம்பழத்தையும் கொப்பியின் கரை வரைக்கும் இழுத்துப் பெரிதாகக் கீறியிருந்தாள்.

"பிள்ளை, இதைப் பார்த்தால் மாம்பழம்தான் கனபேருக்கு விருப்பம் மாதிரித் தெரியுதே?"

"ஓம் அப்பா, அதுக்குத்தான் பெரிசாக் கீறினனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பெரிய ஆட்களே செய்கிற வேலைதான் இது. அந்தத் தந்திரத்தைப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி முறியடிக்கத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்த ஒரு மனிதரின் கதையைத்தான் இன்றைக்கு எழுத வந்தேன். அவரும் எங்களைப் போல ஓர் அகதி.

எண்களைப் படமாகக் கீறுவது அவருக்கு முன்பே இருந்தது. ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபெயர் 1786இல் வெளியிட்ட புத்தகத்தில் கோட்டு வரைபுகளும் ஒரு சலாகை வரைபும் இருந்தன. 1801இல் வட்ட வரைபையும் அவர் அச்சில் கொண்டுவந்தார். ஆனால் அவை வர்த்தகத்தையும் அரசியலையும் படித்த கனவான்களுக்கானவை. படிக்காத தொழிலாளிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதே விசயத்தை எப்படிக் காட்டுவது என்ற கேள்வியைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டவர் ஒட்டோ நொய்ராத். 1882இல் வியன்னாவில் பிறந்த தத்துவவாதி, பொருளியல் படித்தவர்.

முதலாம் உலகப்போர் முடிந்தபோது வியன்னாவில் இருக்க வீடில்லை, சாப்பாடு தட்டுப்பாடு, காசநோய். நகரசபை சோசல் டெமோக்ரட்டுகளின் கைக்கு வந்தது. வீடு எத்தனை கட்டுகிறோம், பிள்ளைகள் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதைச் சனத்துக்குக் காட்டவேண்டும் என்று 1925இல் நொய்ராத் 'சமூக, பொருளாதார அருங்காட்சியகம்' ஒன்றைத் தொடங்கினார். மரீ ரைடமைஸ்டர் என்ற பெண்மணி புள்ளிவிபரத்தைப் படமாக மாற்றுகிற திட்டத்தைப் போடுவார். ஜேர்மன் ஓவியர் கேர்ட் ஆர்ன்ட்ஸ் பின்னர் வந்து சேர்ந்து, அந்தச் சின்னங்களை வடிவமைத்தார்.

அவர்களுடைய முதல் விதி மிகவும் எளிமையானது. கூடுதலான தொகையைக் காட்டப் படத்தைப் பெரிதாக்கக்கூடாது, அதே படத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கவேண்டும். ஏனென்றால் ஒரு மனித உருவத்தின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் இரண்டு மடங்காகும், தாளில் பிடிக்கிற இடம் நாலு மடங்காகும். கண் எதை எடுக்கும்? இரண்டையா, நாலையா? ஆனால் ஒரே அளவான உருவங்களை வரிசையாக வைத்தால் ஆறு வயதுப் பிள்ளைகூட விரல் வைத்து எண்ணிவிடும்.

இந்த முறையை வியன்னாப் பள்ளிக்கூடங்களிலும் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஒட்டோ குளோக்கல் என்பவர் நகரத்தின் கல்வியைச் சீர்திருத்திக்கொண்டிருந்த காலம் அது. அந்த அனுபவத்தை வைத்து 1933இல் பள்ளிக்கூடத்தில் படப் புள்ளிவிபரம் பற்றி நொய்ராத் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

யோசித்துப் பார்த்தால் இது அளக்கிற வேலையேதான். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு அடிமட்டத்தைக் கொடுப்பதற்கு முன்னம் கையாலும் கட்டைகளாலும் அளக்கப் பழக்குகிறார்கள். எங்கள் சாப்பாட்டு மேசை மகளின் சாணுக்கு ஒன்பது, என்னுடைய சாணுக்கு ஐந்து. "மேசை சுருங்கிட்டுது" என்றாள். மேசை சுருங்கவில்லை, அலகு மாறிவிட்டது. அளக்கும்போது ஒரே அலகு வேண்டும், இடைவெளி விடக்கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, ஓரத்திலிருந்து தொடங்கவேண்டும். பட வரைபு கீறவும் இதே ஒழுங்குதான். மாம்பழ வரிசையும் வாழைப்பழ வரிசையும் ஒரே கோட்டில் தொடங்கவேண்டும், ஒவ்வொரு பழமும் ஒரே அளவு இடம் எடுக்கவேண்டும்.

இதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. நாங்கள் ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் அரிசி கொடுப்பதற்காகக் கணக்கெடுத்தார்கள். என் எழுத்து வடிவு என்று ஓர் அண்ணை கொப்பியைத் தந்து, குடும்பத்துக்கு ஒரு கோடு போடச் சொன்னார். நாலு கோடு கீறி, ஐந்தாவதைக் குறுக்கே போடுவேன். கட்டுக் கட்டாக வடிவாகத்தான் இருந்தது. ஒரு ஐயா வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நாங்கள் ஒன்பது பேர். அந்த மூலையில இருக்கிற புருசன் பெண்சாதி ரெண்டு பேர். அவைக்கும் ஒரு கோடு, எங்களுக்கும் ஒரு கோடோ?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு அரிசிதான் போனது. மற்றநாள் தலைக்கணக்காக மாற்றி எழுதினோம். ஆனால் அதற்குள் அந்த ஐயாவின் குடும்பம் கிளாலிப் பக்கம் வெளிக்கிட்டுவிட்டது. என் கோடுகளில் எண்ணிக்கைப் பிழை ஒன்றுகூட இல்லை. பிழை, ஒரு கோடு எதைக் குறிக்கிறது என்பதில் இருந்தது.

நொய்ராத்தின் கதைக்கு வருகிறேன். 1934 பெப்ரவரியில் ஒஸ்ரியாவில் உள்நாட்டுச் சண்டை மூண்டு, சோசல் டெமோக்ரட்டுகள் ஒடுக்கப்பட்டார்கள். அருங்காட்சியகம் அவர்கள் கையை விட்டுப் போனது. நொய்ராத் அப்போது மொஸ்கோவில் இருந்தார். வீட்டுக்குத் திரும்பாதே என்று அவருக்குச் சங்கேதமாகத் தந்தி போனது. இப்படிச் சொல்லியனுப்புகிற அனுபவம் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது! ஒல்லாந்தில் ஹேக் நகரத்தில் ஒன்றுசேர்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள். அங்கேதான் அந்த முறைக்கு 'ஐசோடைப்' என்று பெயர் வந்தது. கண்பார்வை இழந்த கணித அறிஞரான அவருடைய மனைவி ஓல்கா 1937இல் அந்த நகரத்திலேயே காலமானார்.

1940 மே 14, ஜேர்மன் விமானங்கள் றொட்டர்டாமில் குண்டு போட்ட நாள். நொய்ராத்தும் மரீயும் ஸ்கெவெனிங்கன் துறையில், சனம் நிரம்பி வழிந்த ஓர் உயிர்காப்புப் படகில் ஏறினார்கள். நடுக்கடலில் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பல் அவர்களை ஏற்றியது. இங்கே வந்ததும் கிடைத்த வரவேற்பு, 'எதிரி நாட்டவர்' என்ற பெயரும் தடுப்பு முகாமும். 1941இல்தான் வெளியே விட்டார்கள். அந்த ஆண்டே இருவரும் திருமணம் செய்தார்கள். ஒக்ஸ்பேர்ட்டில் ஐசோடைப் நிறுவனத்தையும் தொடங்கினார்கள். 1945 டிசம்பரில் நொய்ராத் இறந்துபோனார்.

மரீ விடவில்லை. அடுத்த பல வருசங்களுக்குப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்களைத் தயாரித்தார். 1950களில் மேற்கு நைஜீரியாவுக்கும் போய், அங்கத்தைய சனத்துக்கு ஏற்ற மாதிரி இந்த முறையில் வேலை செய்தார். 1971இல் எல்லாச் சேகரிப்பையும் ரெடிங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டு, 1986இல் லண்டனில் கண்ணை மூடினார்.

ஆயிரம் பேரை ஒரு சின்ன உருவமாகக் கீறினால் அந்த ஆயிரம் பேரின் பெயரும் முகமும் அதில் இருக்காது. கணக்கில் ஒரு கோடாக இருந்த எங்களுக்கு அது தெரியும். ஆனாலும் அந்த உருவம் எத்தனை பேரைக் குறிக்கிறது, எல்லா வரிசையிலும் அதே அளவா என்று கேட்கப் பழகிய பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம். அந்த ஐயா பள்ளிக்கூடம் போனவரோ தெரியாது, ஆனால் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார்.

கடைசியில் மகளுக்குக் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு பழம். முடித்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"மூண்டே மூண்டுதான் அப்பா. உங்களுக்கும் மாம்பழம்தானே விருப்பம், உங்களையும் சேர்க்கட்டோ?"

"நான் உங்கட வகுப்பில்லையே, குஞ்சு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அழிறப்பரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொப்பியை மூடினாள்.