சுவரொட்டி மூல ஓவியச் சேகரிப்பு

திரைப்படச் சுவரொட்டியை அச்சிடுவதற்காக ஓவியர் கையால் தீட்டிய முதல் படியைத் தேடிப் பாதுகாப்பது. அச்சான சுவரொட்டிகளைச் சேர்ப்பதிலிருந்து இது வேறுபட்டது. அவை பல பிரதிகள், மூல ஓவியமோ ஒன்றே ஒன்று.

உருவாக்கம்: கணினிக்கு முன், நடிகர்களின் புகைப்படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி, அவற்றின்மேல் வண்ணம் தீட்டி, படத்தின் பெயரைக் கையால் எழுதினார்கள். அட்டை சிவகாசி, சென்னை அச்சகங்களுக்குப் போகும். அங்கே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு எனப் பிரிக்கப்பட்டு லித்தோ அல்லது ஆஃப்செட் முறையில் அச்சாகும். கடலூர், திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் சுவர்களில் பசையோடு ஏறியவை அந்தப் பிரதிகளே. அச்சு முடிந்தபின் மூலத்துக்கு வேலையில்லை. அதனால் எஞ்சியவை மிகக் குறைவு.

அடையாளம்: உருப்பெருக்கியில் பார்த்தால் அச்சுப் பிரதியில் வண்ணப் புள்ளிகள் தெரியும். மூலத்தில் தூரிகைத் தடம், பென்சில் கோடு, ஒட்டிய படத்தின் விளிம்பு, வெள்ளை பூசிய திருத்தம் ஆகியவை தெரியும்.

பாதுகாப்பு: வெயில், ஈரம், கரையான், அமிலம் கலந்த அட்டை ஆகியவை முக்கிய எதிரிகள். கடலோர ஊர்களில் ஈரப்பதமே பெருந்தொல்லை.

தொகுப்புகள்: 1964-இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் சுவரொட்டிகளையும் சேர்த்துவருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் உள்ளன. மூல ஓவியம் கிடைக்காத படங்களுக்கு இத்தகைய அச்சு ஆவணங்களே சான்று.