மின்காருக்கான வீட்டு மின்னேற்றி

வீட்டு மின்னேற்றி என்பது வீட்டுக்கு வரும் மின் இணைப்பிலிருந்தே மின்காரின் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதற்கான ஏற்பாடு. சுவரில் மாட்டும் பெட்டியைத்தான் எல்லோரும் 'சார்ஜர்' என்கிறார்கள். ஆனால் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி பேட்டரிக்குள் செலுத்தும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவரில் இருப்பது விவரமறிந்த ஒரு சுவிட்ச், அவ்வளவே. பெட்டி எவ்வளவு பெரியதானாலும் கார் தன் உள்சார்ஜரின் அளவுக்கு மேல் வாங்காது. 2020இல் வந்த டாட்டா நெக்ஸான் மின்காரின் உள்சார்ஜர் 3.3 கிலோவாட், அதற்கு 7.4 கிலோவாட் பெட்டி வாங்குவது வீண்செலவு.

இந்திய வீடுகளில் ஒற்றை ஃபேஸ் மின்னழுத்தம் 230 வோல்ட். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் ஏறுவது ஏறத்தாழ 3 கிலோவாட். 32 ஆம்பியர் சுவர்ப்பெட்டி 7.4 கிலோவாட் வரை தரும். மூன்று ஃபேஸ் இணைப்பிருந்தால் 11 அல்லது 22 கிலோவாட் பெட்டிகளும் உண்டு. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்கு 6, 7 யூனிட் போதும். அதைப் பவர் பிளக்கே இரண்டரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். பெரிய பெட்டியின் அவசியம் தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்குத்தான்.

செலவும் கவனமும் கேட்பது பெட்டியல்ல, ஒயரிங். ஏ.சி.யும் கெய்சரும் விட்டுவிட்டு ஓடும். கார் எட்டு மணி நேரம்கூட ஒரே சீராக முழு மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் ஒயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். திருகு சற்றுத் தளர்ந்த பழைய பிளக் கருகிப்போவது இதனால்தான். 32 ஆம்பியர் பெட்டிக்கு மெயின் போர்டிலிருந்து வேறெதுவும் சேராத தனி ஒயர், பொதுவாக 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, தனி எம்.சி.பி.யுடன் இழுக்கப்படுகிறது. தூரம் கூடினால் இன்னும் தடித்த ஒயர் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் காரை மாட்டவே கூடாது.

அடுத்தது எர்த். ஐ.இ.சி. 61851 தரப்படி, பெட்டி காருக்கு 12 வோல்ட் சைகை ஒன்றை அனுப்புகிறது. கேபிளின் துப்பாக்கி வடிவ முனையைக் காரில் செருகியதும் அது 9 வோல்ட்டாகவும், கார் தயாரானதும் 6 வோல்ட்டாகவும் இறங்கும். அதன் பிறகே பெட்டி மின்சாரத்தைத் திறந்துவிடும். எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பதும் இதே சைகையின் துடிப்பு அகலத்தில் சொல்லப்படுகிறது. இந்தச் சைகை திரும்பி வரும் வழி எர்த் கம்பி. பல பெட்டிகள் எர்த்தின் தரத்தைத் தாமே சோதித்து, திருப்தியில்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். ஃபேன், டிவி எல்லாம் ஓடும் வீட்டில் கார் மட்டும் ஏறாது. குற்றம் கார்மேல் இல்லை. கரியும் உப்பும் போட்டு என்றோ புதைத்த எர்த் பைப்பைச் சுற்றி மண் காய்ந்து கிடக்கலாம். ஜெனரேட்டரிலும் இன்வெர்ட்டரிலும் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காதபோது இதே தொல்லை வரும்.

எலக்ட்ரீசியன்கள் ஈ.எல்.சி.பி. என்று சொல்லும் கசிவுக் காப்பான், இன்றைய வீடுகளில் பெரும்பாலும் ஆர்.சி.சி.பி.; 30 மில்லிஆம்பியர் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும். காருக்கு இதிலும் ஒரு சிக்கல். உள்சார்ஜரில் கோளாறு வந்தால் நேர்திசை மின்சாரம் கசியக்கூடும், சாதாரண 'ஏ.சி.' வகைக் காப்பான் அதை உணராததோடு, செயலிழந்தும் போகலாம். ஆகவே 'பி' வகை, அல்லது 6 மில்லிஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டறியும் பெட்டியோடு 'ஏ' வகை பொருத்த வேண்டும்.

பொருத்துமுன் வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைப் பார்த்து, போதாவிட்டால் கூட்டித்தர விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் அந்தக் கணக்கில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடு கீழ் அடுக்குகளின் சலுகையிலும் ஒரு பகுதியை இழக்கிறது. பெட்ரோல் செலவோடு ஒப்பிடுகிறவர்கள் பலரும் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

மின்னேற்றம் செய்வது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018இல் தெளிவுபடுத்தியது. 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி காருக்கென்று தனி இணைப்பும் கேட்கலாம். அடுக்குமாடிகளில் இது உதவும்: இல்லையேல், பொது மீட்டரிலிருந்து எடுத்தால் யார் காசு என்ற சண்டை, சொந்த மீட்டரிலிருந்து எடுத்தால் கார் நிறுத்துமிடம் வரை நீளமான ஒயர்.

பெட்டியை வெயிலும் சாரலும் நேரே படாத இடத்தில் மாட்டுவது வழக்கம். சென்னை போன்ற ஊரில் உயரமும் முக்கியம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முதலில் மூழ்கியவை தரைத்தளக் கார் நிறுத்துமிடங்கள். அப்போது நின்ற தண்ணீரின் கறை சுவரில் இன்னும் தெரிந்தால், பெட்டியும் அதன் எம்.சி.பி.யும் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும்.