ஆணி இல்லாத படகு (கடலோரக் கோட்டை - 14)

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்கு முன் ஓர் ஓவியத்தைப் பார்த்துவிடுவோம்.

லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த தலைமையகத்தில் மாட்டுவதற்காக, 1730களின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் ஆறு ஓவியங்கள் வரையச் சொன்னார்கள். சென்னை, கல்கத்தா, பம்பாய், தலைச்சேரி, நன்னம்பிக்கை முனை, செயிண்ட் ஹெலினா. கரையும் கட்டடங்களும் ஜார்ஜ் லாம்பர்ட்டின் கைவண்ணம். கப்பல்கள் சாமுவேல் ஸ்காட்டுடையவை. இருவருமே இந்த மண்ணை மிதித்தவர்கள் அல்லர்.

சென்னை ஓவியத்தில் முன்னால் பாய்மரக் கப்பல்கள், பின்னால் புனித ஜார்ஜ் கோட்டை. நடுவில் கிடக்கும் நீரைவிட்டு என் கண் நகர மறுக்கிறது. சென்னைக்கு அன்று துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நின்றன. துணிப்பொதியானாலும் கவர்னரானாலும் அலையைத் தாண்ட நம் படகுக்காரர்கள் வர வேண்டும்.

அவர்களுடைய படகை ஆங்கிலேயர் மசூலா என்றார்கள். நம்மவர் சொன்னது சலங்கு. அதில் ஓர் ஆணிகூட இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதி மணலில் விழுந்தால் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். பின்னால் நிற்கும் தண்டல் அலையை எண்ணிக் குரல் கொடுப்பார். துடுப்புகள் ஒன்றாய் விழும். கவிழ்ந்தால் தூக்கிவிடக் கட்டுமரங்கள் கூடவே வரும். கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு, படகு போக முடியாத நாளிலும் கப்பலைத் தொட்டுவிட்டு வருவார்கள் கட்டுமரக்காரர்கள்.

சென்னையைக் கட்டியவர்கள் என்று கவர்னர்களின் பெயர்களையே நம் பாடப்புத்தகங்கள் அடுக்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1861இல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீளும்வரை, இரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நகரத்தைத் தோளில் சுமந்து கரை சேர்த்தவர்கள் இவர்கள்தாம். இந்தத் தொடருக்கு நாயகர்கள் உண்டென்றால் அவர்கள் இவர்களே.

லபூர்தொனேக்கு இந்த வாரம் இடமில்லை. ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கோட்டை விழுந்த அடுத்த மாதமே, இதே கடலில் எழுந்த புயல் அவனுடைய கப்பல்களைச் சிதறடித்தது. கோட்டையைப் பிடித்தவனுக்கு இந்தக் கடல் பிடிபடவில்லை.

(அடுத்த வாரம்: கோட்டை விழுந்த கதை)