தூசியும் தட்டுப்பாடும்: பழைய காரின் எயார் ஃபில்டருக்கு ஒரு வரலாறு

பழைய கார் எண்டால் பெயின்ட், குரோமியம், ஹோர்ன் பற்றித்தான் எல்லாரும் கதைப்போம். எயார் ஃபில்டர் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. ஆனால் புத்தளம் கரையோரத்தில் ஒரு மொரிஸ் மைனரோ ஒஸ்டினோ இன்னும் எத்தனை வருசம் ஓடும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது பொனட்டுக்குள் இருக்கிற அந்தத் தகரப் பெட்டிதான். அதற்குள் என்ன இருந்தது, அது தீர்ந்தபோது சனம் என்ன செய்தது என்று தேடிப் போனால், இந்த நாட்டின் தட்டுப்பாடுகளின் கதை வந்து நிற்கிறது.

முதலில் கணக்கு. ஒரு லீற்றர் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். கல்பிட்டிப் பக்கத்து மணல் பாதையில் அந்தக் காற்றோடு எவ்வளவு தூசி உள்ளே போகும் என்று நினைத்துப் பாருங்கள். வறண்ட வலயம், வருசத்தில் பல மாதம் மழையில்லை, மேலே கடல் காற்று. மணலில் இருக்கும் சிலிக்கா இரும்பைத் தேய்க்கக்கூடியது. அது எஞ்சின் ஒயிலோடு கலந்தால் அரைக்கும் பசை மாதிரி. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும், ஒயில் எரியும், புகை வரும்.

மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். ஒரு மில்லியன் விற்ற முதல் பிரித்தானியக் கார் இதுதான். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பல, தூசி கூடிய நாடுகளுக்கு அனுப்பப்படும்போது 'ஒயில் பாத்' ஃபில்டரோடு வந்தன. அதன் வேலை மிக எளிது. உள்ளே வரும் காற்று பெட்டியின் அடியில் இருக்கும் ஒயிலுக்கு மேலே சடாரென்று திரும்ப வேண்டும். பாரமான தூசியால் அப்படித் திரும்ப முடியாது, ஒயிலில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை ஒயில் நனைந்த கம்பி வலை பிடிக்கும். அழுக்கானால் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, புது ஒயிலை அடையாளக் கோடு வரை ஊற்றினால் போதும். மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, ஆகவே வாங்குவதற்கும் ஒன்றுமில்லை.

1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் கடதாசி ஃபில்டர் பரவியது. மெல்லிய தூசியை இது நன்றாகவே பிடிக்கும், பாரமும் குறைவு. ஆனால் கழுவ முடியாது. அடைத்தால் எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். கடையும் கப்பலும் ஒழுங்காக இருக்கும் நாட்டுக்கு அது வசதி. இலங்கையிலோ சரியாக அதே காலத்தில் கதவுகள் மூடத் தொடங்கின. 1960களின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாட்டால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1970 முதல் 77 வரை இன்னும் மோசம். கார் வராது, சாமானும் வராது. இருக்கிறதைக் கழுவி, ஒட்டி, வெட்டி ஓட்டப் பழகிய ஒரு மெக்கானிக் தலைமுறை அப்போதுதான் உருவானது.

அந்தக் கைப்பழக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு உதாரணம். இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேர் என்பவர் மொரிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். பிறகு அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. கார் செய்த நாடு, காரை விடாமல் வைத்திருந்த நாட்டிடம் சாமான் வாங்கியது.

1977க்குப் பிறகு சந்தை திறந்தது, ஜப்பான் கார்கள் வந்தன. ஆனால் வடக்குக்கு 1990இல் இன்னொரு கதவு மூடியது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒஸ்டினும் மைனரும் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடின. அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால்தான் அது சாத்தியமானது. அதே வருசம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது எங்கட புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும். பழைய இரும்பு, ஹார்ட்வேர், லொறிப் போக்குவரத்து எண்டு யாழ்ப்பாணத்தில் தொழில் செய்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். கடையையும் வாகனத்தையும் ஆயுதங்களையும் விட்டுவிட்டு வந்தார்கள். கையோடு வந்தது தொழில் அறிவு மட்டும். எங்கட கரையோரத்தின் கராஜ் வரலாற்றை யாராவது எழுதினால், இந்த வருகையை விட்டுவிட்டு எழுத ஏலாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. நடுவில் 2022: பெற்றோல் வரிசை, கியூஆர் அட்டை, கிழமைக்கு இவ்வளவுதான் எண்டு அளவு. அடைத்த ஃபில்டர் கலவையைக் கெட்டியாக்கி, கறுப்புப் புகையோடு பெற்றோலைக் கூடக் குடிக்கும். லீற்றர் எண்ணி ஓடிய நாட்களில் அது சின்ன விசயமில்லை.

சரி, இப்போது தேடுகிறவர் என்ன செய்யலாம்? கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போகிறதெண்டால் கார் பெயரை மட்டும் சொல்லாமல் அளவைக் கொண்டு போங்கள்: வெளி விட்டம், உள் விட்டம், உயரம். அளவு பொருந்தினால் வேறு காரின் கடதாசி ஃபில்டரும் வேலை செய்யும், ஆனால் கடதாசியின் பரப்பு பழையதைவிடக் குறையக் கூடாது. மேலும் கீழும் இறப்பர் இடைவெளி இல்லாமல் இறுக வேண்டும். பக்கத்தால் காற்று கசிந்தால் ஃபில்டர் போட்டும் பிரயோசனமில்லை. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இந்தியாவின் அம்பாசடர் சாமான்களையும் பார்க்கலாம். இரண்டிலும் இருந்தது 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான். ஒயில் பாத் பெட்டி இன்னும் வீட்டு மூலையில் கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கடல் காற்றில் துருப்பிடித்த ஓட்டையை அடைக்கலாம், வலையைக் கழுவலாம். ஒயிலை மட்டும் கோட்டுக்கு மேலே ஊற்றாதீர்கள், எஞ்சின் அதை இழுத்துக்கொள்ளும்.

எந்தப் பெட்டி எதற்குப் பொருந்தும் என்ற விசயம் பெரும்பாலும் எழுத்தில் இல்லை, வயதான பாஸ்மாரின் தலைக்குள் இருக்கிறது. சிலாபத்திலிருந்து கல்பிட்டி வரை உங்கட ஊர் கராஜில் அப்படி ஒருவர் இருந்தால், போய் உட்கார்ந்து கேட்டு அளவுகளோடு எழுதி வையுங்கள். அடுத்த தட்டுப்பாடு எப்போது வரும் எண்டு தெரியாது. ஆனால் இந்த நாட்டில் அது வராமல் போன தலைமுறை இன்னும் இல்லை.