ஒற்றியூர்க் கடலும் ஏடுகளின் சொல்லும்

திருவொற்றியூர்க் கரையில் மீனவர் வீடுகள் அலையில் சரியும்போதெல்லாம் நாளேடுகளில் நாம் காணும் தலைப்பு பெரும்பாலும் ஒன்றே: ‘கடல் சீற்றம்’. சீற்றம் என்று எழுதிவிட்டால் குற்றவாளி கடல்தான். மேற்கொண்டு விசாரணை வேண்டியதில்லை. பெருவெள்ளத்தை இறைவன் ஒற்றி நிறுத்திய ஊர் என்று தலபுராணம் போற்றும் இடத்தில், கடல் ஏன் ஊருக்குள் வந்தது என்று கேட்பது நம் கடமையன்றோ!

1875-இல் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர்ப் புயல், எழும்பிய சுவர்களைத் தகர்த்தது; மீண்டும் கட்டினார்கள். நமது கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றன. துறைமுகச் சுவர் அம்மணலை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை தேய்ந்தது. மெரினாவில் மாலைக் காற்று வாங்குவோரின் காலடியில் கிடப்பது, ஒரு வகையில், வடகரை மீனவருக்கு வந்து சேர வேண்டிய மணல். பின்னர்க் கற்கள் கொட்டப்பட்டன. தூண்டில் வளைவுகள் வந்தன. ஓரிடத்தில் அவை காத்த கரையை அடுத்த இடத்தில் கடல் கேட்டது.

இதன்மேல்தான் பருவநிலை மாற்றமும் வந்து சேர்கிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்ததென ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழு 2021-இல் அறிவித்தது. இச்செய்தியை மக்களிடம் கொண்டு சேர்த்த இதழாளர்களுக்கு நாம் நன்றி சொல்வோம். ஆயினும் நமக்கொரு அச்சம் உண்டு: ‘சீற்றம்’ இருந்த இடத்தில் ‘பருவநிலை மாற்றம்’ என்று மட்டும் எழுதினால், அருகிலிருக்கும் கை மீண்டும் தப்பிவிடும். உயரும் நீரையும் மறிக்கப்பட்ட மணலையும் ஒரே செய்தியில் எழுதினாலன்றி உண்மை பாதியே.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கறுத்த படகுகளின் படங்கள் ஏடுகளில் நிறைந்தன. பசுமைத் தீர்ப்பாயமும் தானே முன்வந்து விசாரித்தது. எழுத்தின் வலிமை அது. ஆனால் ஆண்டுக்குச் சில முழமாய்த் தேயும் கரையைப் படம்பிடிப்பது எங்ஙனம்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடலின் 49-ஆம் பத்தியில், ஊடகங்களும் கருத்தை உருவாக்குவோரும் வசதியான நகர்ப்புறங்களில் வாழ்வதால் ஏழைகளின் துயருக்கு வெகுதொலைவில் இருக்கின்றனர் என்று கூறுகிறார். சென்னையிலோ அத்தொலைவு சில கல்தான். இன்றைய கல்சுவருக்குக் கிழக்கே எத்தனை தெருக்கள் இருந்தன, வலை உலர்த்திய மணல்வெளி எதுவரை கிடந்தது என்பதை மீனவ முதியோர் விரல்விட்டுச் சொல்வர். அக்கணக்கை ஏடுகளில் நாம் கண்டது மிக அரிது.