லீவுல பிள்ளைங்க கையில செல்போன் மட்டுமா? பழைய காலண்டர் தாளிலேயே நட்சத்திரம், கோலம் செய்வது எப்படி?

அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸுக்கு முன்பு மூடும் பள்ளிக்கூடம், பெரும்பாலும் புத்தாண்டு முடிந்துதான் திறக்கும். திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் சுற்றுவட்டார கிராமங்களில் அந்த நாட்களிலும் அப்பா, அம்மாவுக்கு வயல் வேலையோ கூலி வேலையோ இருக்கும். வீட்டில் பாட்டி, பிள்ளைகள், ஒரு செல்போன். சார்ஜ் தீர்ந்ததும் "போர் அடிக்குது" என்று கிளம்பினால் அடுத்த இடம் ஏரிக்கரைதான்.

பயமே அங்கேதான். வடகிழக்குப் பருவமழை முடியும் நேரம் என்பதால் டிசம்பரில் ஏரி, குளம், கிணறு எல்லாம் நிறைந்து கிடக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. "தண்ணி பக்கம் போகாதே" என்று அதட்டினால் மட்டும் பிள்ளை நிற்காது. திண்ணையில் உட்கார வைக்க ஒரு வேலை வேண்டும். காகிதமும் கத்தரிக்கோலும் அதற்குக் கைகொடுக்கும்.

காசு செலவு உண்டா?

கடையில் விற்கும் கிராஃப்ட் செட் எதுவும் தேவையில்லை. வருடக் கடைசியில் கழற்றப் போகும் மாதக் காலண்டர் தாள் தடிமனாக, ஒரு பக்கம் கலராக இருக்கும். நட்சத்திரத்துக்கு அதைவிட நல்ல தாள் கிடையாது. எழுதி முடித்த ரஃப் நோட்டு பழகிப் பார்க்க உதவும்.

பசைக்கு 2 ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கெட்டியாகும் வரை பெரியவர்கள் காய்ச்சித் தரலாம். அதுவும் இல்லையா, பட்டம் ஒட்டுகிற மாதிரி நாலு சோத்துப் பருக்கை போதும்.

முதலில் சதுரம்

ஸ்கேல் வேண்டாம். தாளின் ஒரு மூலையை எதிர்ப்பக்க விளிம்போடு பொருத்தி முக்கோணமாக மடித்து, மிச்சத்தை வெட்டிவிட்டால் சதுரம் ரெடி.

சும்மா விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 1893-லேயே டி.சுந்தர ராவ் என்பவர் காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதி மெட்ராஸில் வெளியிட்டார். மழலையர் பள்ளிகளில் இருந்த காகித மடிப்புதான் தனக்கு அந்த யோசனையைத் தந்தது என்று அதில் சொல்கிறார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்ட பிறகு, 1901-ல் சிகாகோவிலும் அச்சானது. அந்தப் புத்தகமும் சதுரத்தில்தான் தொடங்குகிறது.

எட்டு முனை நட்சத்திரம்

16 செ.மீ. சதுரம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நெடுக்காக, குறுக்காக, இரண்டு மூலைவிட்டமாக மடித்து மடித்துப் பிரியுங்கள். கூட்டல் குறி போல விழுந்த நான்கு மடிப்புக் கோடுகளிலும், விளிம்பில் இருந்து நடுவை நோக்கி 4 செ.மீ. மட்டும் வெட்டணும். அதாவது பாதி தூரம். அதற்கு மேல் போனால் நட்சத்திரம் தொளதொளவென்று ஆகிவிடும்.

இப்போது ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு பக்கமும் ஒரு மடல் கிடைக்கும். இரண்டையும் மூலைவிட்டக் கோட்டை நோக்கி மடித்து, ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினால் முனை கூம்பாக எழும்பும். நாலு மூலையும் முடிந்ததும் இன்னொரு சதுரத்தையும் இதேபோல் செய்து, முனைகள் மாறி மாறி வரும்படி முதுகோடு முதுகு ஒட்டுங்கள். 7, 8 வயதுப் பிள்ளை இரண்டாவது முறையில் தானாகவே செய்துவிடும்.

வெட்டினால் கோலம்

இணையத்தில் 'ஸ்னோஃப்ளேக்' என்று காட்டுவார்களே, அதே மடிப்புதான். பனிக்கட்டியைப் பார்க்காத நம் ஊரில், மார்கழி மாதத்தில் அது கோலமாகவே தெரியும்! சதுரத்தை இரண்டு முறை பாதியாக, பிறகு முக்கோணமாக மடித்து, ஓரங்களில் சின்னச் சின்னதாக வெட்டிப் பிரித்தால் போதும். ஒரு ஓரத்தை முழுசாக வெட்டிவிட்டால் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும், கவனம். இதற்கு காலண்டர் தாள் சரிவராது. எட்டு அடுக்கைப் பிள்ளைக் கை வெட்டாது. நோட்டுத் தாளே நல்லது.

வெட்டிய தாளைத் தரையில் வைத்து கோலப்பொடியைத் தூவி, மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் மதுரா, பிருந்தாவனத்தில் 'சாஞ்சி' என்ற பெயரில் கண்ணன் கதைகளைக் காகிதத்தில் நுணுக்கமாக வெட்டி, கலர் பொடி தூவி வரைவதும் இப்படித்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு?

4, 5 வயதுக்கு காகிதச் சங்கிலி. பொங்கல் வரை எத்தனை நாளோ அத்தனை வளையம். தினம் ஒன்றைக் கிழிக்கச் சொன்னால் எண்ணிக்கையும் பழகும். முனை மழுங்கிய கத்தரிக்கோல் மட்டும் கொடுங்கள். ஸ்டேப்ளர் வேண்டாம்.

கோணலாக ஒட்டினால் பெரியவர்கள் பிடுங்கித் திருத்த வேண்டாம். அடுத்த நிமிஷமே பிள்ளை எழுந்து போய்விடும். அண்ணன், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தனக்கென ஒன்று செய்தால், சின்னது பார்த்தே கற்றுக்கொள்ளும்.

செய்த நட்சத்திரத்தை வாசலில் வெளியே தொங்கவிட்டால் மார்கழிப் பனியில் நமுத்துவிடும். திண்ணைக் கூரைக்கு உள்பக்கமே கட்டுங்கள். உள்ளே மெழுகுவர்த்தியோ சூடாகும் குண்டு பல்போ கூடவே கூடாது. வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி விளக்கு போதும். அதையும் பெரியவர்களே மாட்டணும்.