'லீவு' கேட்ட பண்ணையாளின் கதை... கோபாலகிருஷ்ண பாரதி யார்? 'நந்தன் சரித்திரம்' ஏன் இன்றும் விவாதிக்கப்படுகிறது?

'பாரதி' என்றதும் நமக்கு முண்டாசும் மீசையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதிக்கு முன்பே தமிழ்நாட்டை பாட்டால் கட்டிப்போட்ட இன்னொரு பாரதி இருந்தார். அவர்தான் கோபாலகிருஷ்ண பாரதி.

'வருகலாமோ', 'எப்போ வருவாரோ', 'சபாபதிக்கு', 'ஆடும் சிதம்பரமோ'... இதில் ஏதாவது ஒரு பாட்டை கச்சேரியிலோ, பழைய படத்திலோ, யூடியூபிலோ நிச்சயம் கேட்டிருப்பீங்க. எல்லாமே இவர் எழுதி மெட்டமைத்தவை. யார் இவர்? இவருடைய 'நந்தன் சரித்திரம்' ஏன் கொண்டாடவும் படுகிறது, கேள்விக்கும் உள்ளாகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த கோபாலகிருஷ்ண பாரதி?

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினம் அருகே உள்ள நரிமணத்தில் பிறந்தவர். இசைப் பழக்கம் உள்ள குடும்பம். பிறகு முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் என்று காவிரிக் கரை ஊர்களிலேயே அவருடைய வாழ்க்கை கழிந்தது. மாயூரம்தான் இன்றைய மயிலாடுதுறை.

கர்நாடக இசையோடு இந்துஸ்தானி இசையையும் கற்றவர். வேதாந்தத்திலும் ஈடுபாடு உண்டு. கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. தில்லை நடராஜர் மீது தீராத பக்தி. ஆனாலும் பாட்டுகளில் அவர் வைத்த முத்திரை 'கோபாலகிருஷ்ணன்' என்ற தன் பெயர்தான். சிவனைப் பாடுகிற பாட்டில் கண்ணன் பெயர் வந்து நிற்கும். கேட்பவர்களுக்கு அது ஒரு தனி ருசி.

தியாகராஜரைச் சந்தித்தாரா?

அப்படி ஒரு சம்பவத்தை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். திருவையாறில் தியாகராஜரைப் பார்க்கப் போயிருக்கிறார் பாரதி. அங்கே சீடர்கள் ஆபோகி ராகத்தில் தியாகராஜரின் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள். இந்த ராகத்தில் நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்ற கேள்வி வந்தது. பாரதி அப்போது பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் ஆபோகியிலேயே புதுக் கீர்த்தனையோடு வந்து நின்றார். அதுதான் 'சபாபதிக்கு'.

தெலுங்குக் கீர்த்தனைகள் கோலோச்சிய காலத்தில், அதே இலக்கணத்தில், அதே கனத்தில் தமிழிலும் செய்ய முடியும் என்று காட்டிய பாட்டு இது. பின்னாளில், 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, 'மேடையில் பாட தமிழில் என்ன இருக்கு?' என்ற கேள்விக்குக் கைவசம் இருந்த பதில்களில் பாரதியின் பாட்டுகள் முக்கியமானவை.

'நந்தன் சரித்திரம்'ல அப்படி என்ன இருக்கு?

இங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. நந்தன் கதையை பாரதி உருவாக்கவில்லை. சுந்தரர் தன் திருத்தொண்டத்தொகையில் 'திருநாளைப்போவார்' என்று இவரைக் குறிப்பிடுகிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரித்துச் சொன்னார். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சமூகத்தில் ஆதனூரில் பிறந்தவர் நந்தனார். கோயில் வாத்தியங்களுக்குத் தோலும் நரம்பும் கொடுப்பவர். சிதம்பரம் போக ஆசைப்பட்டு, பிறப்பை நினைத்துத் தயங்கி, 'நாளை போவேன்' என்று தள்ளிக்கொண்டே போனவர்.

சேக்கிழார் கதையில் நந்தனாரைத் தடுக்க ஒரு முதலாளி கிடையாது. ஊர்த் தொண்டுக்காக விடப்பட்ட நிலத்தில் வாழ்பவர் அவர். தடை சமூகத்தில் இருந்தது. அவர் மனசுக்குள்ளும் இருந்தது.

பாரதி இதை மாற்றினார். அவருடைய நந்தன் ஒரு பண்ணையாள். அவருக்கு மேலே நிலக்கிழாராக ஒரு வேதியர். சிதம்பரம் போய் வர நந்தன் அனுமதி கேட்கிறார். வேதியர் திட்டுகிறார், மறுக்கிறார். கடைசியில், 40 வேலி நிலத்தின் விவசாய வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இரவில் இறைவன் அருளால் வேலை முடிந்துவிடுகிறது. காலையில் விளைந்து நிற்கும் பயிரைப் பார்த்த வேதியர், நந்தன் காலில் விழுகிறார்.

இன்றைய வார்த்தையில் சொன்னால், ஒரு தொழிலாளி கேட்ட லீவும், கொடுக்க மறுத்த முதலாளியும்தான் கதையின் மையம். பக்திக் கதைக்குள் பண்ணை வந்துவிட்டது.

வேதியர் பாத்திரம் ஏன் முக்கியம்?

பாரதி வாழ்ந்தது காவிரி டெல்டாவில். பெரும் நிலங்களும், அதில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த பண்ணையாட்களும் இருந்த பூமி. 1843-ல் ஆங்கிலேயர் ஆட்சி அடிமைமுறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. ஆனால் சட்டம் வந்ததாலேயே வயலில் நிலைமை மாறிவிடவில்லை. அந்த மண்ணில் உட்கார்ந்து, பிராமண குலத்தில் பிறந்த ஒருவர், பிராமண நிலக்கிழார் பண்ணையாள் காலில் விழுவதாகப் பாடினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இசையிலும் அதே துணிச்சல் உண்டு. கனமான ராகக் கீர்த்தனைகளுக்குப் பக்கத்திலேயே சிந்து, கண்ணி, நொண்டிச் சிந்து என்று ஊர்ச் சனங்கள் பாடும் மெட்டுகளை வைத்தார். வேதியர் பேசும் பேச்சு ஒரு தினுசு, நந்தனின் கெஞ்சல் ஒரு தினுசு. கதாகாலட்சேபத்துக்கு இது அல்வா மாதிரி பொருந்தியது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் இதை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1860-களின் தொடக்கத்தில் நூலாகவும் அச்சேறியது. அதற்குத் துணை நின்றவர் காரைக்காலில் இருந்த 'சீசய்யா' என்ற பிரெஞ்சு அதிகாரி.

மகாவித்வான் மறுத்தது ஏன்?

அந்தக் காலத்தில் ஒரு நூல் வெளிவர வேண்டும் என்றால், பெரிய புலவர் ஒருவரின் சிறப்புப் பாயிரம் வேண்டும். இன்றைய அணிந்துரை மாதிரி. பாரதி போய்க் கேட்டது மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். அவர் கொடுக்கவில்லை. காரணம், பாட்டுகளில் இலக்கணப் பிழைகள் இருந்தன.

பாரதி பல முறை நடந்தார். ஒரு நாள் பிற்பகல், பிள்ளை உள்ளே ஓய்வில் இருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து தன் பாட்டைத் தானே பாடத் தொடங்கினார். உள்ளே இருந்து கேட்ட பிள்ளைக்கு மனம் கரைந்துவிட்டது. சிறப்புப் பாயிரம் கிடைத்தது. இதையும் நமக்குச் சொல்லி வைத்தவர் உ.வே.சா.தான். 1871-ல் மாயூரத்தில் பிள்ளையிடம் தமிழ் படிக்கச் சேர்ந்த உ.வே.சா., கொஞ்ச காலம் பாரதியிடம் இசையும் கற்றார். இசையில் மனம் போனால் இலக்கியப் படிப்பு கெடும் என்று ஆசிரியர் கருதியதால் அதை நிறுத்திக்கொண்டார்.

எழுத்தில் பிழை கண்ட கண்ணுக்கு, பாட்டாகக் கேட்டபோது வேறு ஏதோ புரிந்திருக்கிறது. பாரதியை ரசிக்க இதுவே நல்ல வழிகாட்டி. படிக்காதீங்க, முதலில் கேளுங்க.

சுப்பிரமணிய பாரதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இருக்கு. வ.உ.சிதம்பரம் பிள்ளையிடம் கலெக்டர் விஞ்ச் பேசுவது போல சுப்பிரமணிய பாரதி ஒரு பாட்டு எழுதினார். அதன் மெட்டு, நந்தன் சரித்திரப் பாட்டு ஒன்றின் மெட்டு. சுதந்திரம் கேட்கும் இந்தியரை ஆங்கிலேயர் ஏளனம் செய்யும் இன்னொரு பாட்டையும், நந்தனைத் திட்டும் பாட்டின் மெட்டிலேயே அமைத்தார்.

மெட்டைக் கேட்டதுமே யார் பண்ணையார், யார் பண்ணையாள் என்று அன்றைய மக்களுக்குப் புரிந்துவிடும். விளக்கம் தேவையே இல்லை. அந்த அளவுக்கு நந்தன் பாட்டுகள் வீட்டுக்கு வீடு போயிருந்தன.

சினிமாவில் யார் நடித்தது?

1935-ல் வந்த படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தரம்பாள். ஆண் வேடம், அதற்கு 1 லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் நாடே வாயைப் பிளந்த தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார்.

சரி, விமர்சனம் என்ன?

கதையின் முடிவுதான் பிரச்சினை. சிதம்பரம் போன நந்தன் நேரே கோயிலுக்குள் போகவில்லை. தீயில் இறங்கி, 'தூய்மை' அடைந்த உருவில்தான் இறைவனிடம் போகிறார். இது பெரியபுராணத்திலேயே இருப்பது. பாரதியும் அதை மாற்றவில்லை. 'நந்தன் ஏன் தீயில் இறங்க வேண்டும்? தீ வைக்க வேண்டியது தடுத்த வழக்கத்துக்குத்தானே?' என்பது தலித் சிந்தனையாளர்களின் கேள்வி. கெஞ்சியே அனுமதி வாங்கும் நந்தன், அடங்கிப் போவதைப் பெருமையாக்குகிறாரா என்றும் கேட்கிறார்கள்.

இலக்கியமும் இதே கேள்வியைக் கேட்டது. புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' சிறுகதையையும், இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தையும் எழுதினார்கள். இன்னொரு பக்கம், அதே சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக சுவாமி சகஜானந்தர் பள்ளி தொடங்கியபோது, அதற்கு வைத்த பெயர் நந்தனார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவரின் பெயரில் பள்ளிக்கூட வாசல் திறந்தது.

ஆக, பாரதி முழுப் புரட்சியாளரும் இல்லை, பழமையைக் காப்பாற்றியவர் மட்டுமும் இல்லை. முதலாளியைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்திய துணிச்சலும் அவருடையது. தீயை அணைக்காமல் விட்டதும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

* வருகலாமோ (மாஞ்சி ராகம்): உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கும் பாட்டு. மெதுவாகப் போகும். கோபம் இருக்காது. அதனாலேயே கேட்பவருக்குக் குற்ற உணர்வு வரும்.

* வழிமறைத்திருக்குதே: திருப்புன்கூரில் நந்தி மறைக்க, வெளியே நின்று எட்டிப் பார்க்கும் நந்தனின் பாட்டு. நாட்டைக்குறிஞ்சியில் பலரும் பாடுவார்கள்.

* சபாபதிக்கு (ஆபோகி): பாரதியின் சங்கீதப் புலமையை அறிய இது போதும்.

* எப்போ வருவாரோ (ஜோன்புரி): இந்துஸ்தானி சாயல் உள்ள ராகம். தமிழில் எவ்வளவு இயல்பாக உட்காருகிறது என்று கவனியுங்கள்.

முதலில் 'வருகலாமோ' கேளுங்க. ஒரு மனிதன் கோயில் வாசலில் நின்று அனுமதி கேட்கும் பாட்டு அது. கோயில் நுழைவுக்காக இன்றும் போராட்டச் செய்திகள் வருகிற நாட்டில், அந்தக் கேள்விக்கு வயதாகவில்லை.